வேலையைக் கேட்டு விற்போம்: தொழில்வல்லுனர்களின் மடிக்கணனியும் நமது வியாபாரமும்

கணனி வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில், எனது சொந்தத் தவறொன்றைச் சொல்லியே இவ்வாரப் பத்தியைத் தொடங்குகிறேன்.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கட்டடப் பட வரைஞராகத் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் காத்தான்குடியிலுள்ள எனது கடைக்கு வந்தார். கட்டாரில் வேலை செய்யும் மூத்த சகோதரர் அனுப்பிய பணம் அவர் கையிலிருந்தது. "பாரம் குறைவா இரிக்கணும் காக்கா. மோட்டார் சைக்கிள்லதான் கொண்டு திரியிறது" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். நானும் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த, மெல்லிய, அழகான மடிக்கணனியொன்றை எடுத்துக் கொடுத்தேன். மூன்றரை இலட்சம் ரூபாய். அவருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

நான்கு மாதங்களில் திரும்பி வந்தார். ஒப்பந்தகாரர் ஒருவரிடமிருந்து மூன்று மாடி வர்த்தகக் கட்டடமொன்றின் முப்பரிமாண வரைபட வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ரெவிட் மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தாலே கணனி உறைந்து நின்றது. 8 ஜீபி ரெம்மைக் கூட்டித் தரும்படி கேட்டார். திறந்து பார்த்தேன். ரெம் தாய்ப்பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருந்தது. கூட்டுவதற்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு விசிறியும் பழுதானது. உத்தரவாதத்தின் பேரில் கொழும்புக்கு அனுப்பினோம். திரும்பி வர 24 நாட்களாயின. அதற்குள் ஒப்பந்தகாரர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

"நீங்கதானே காக்கா எடுத்துத் தந்தீங்க" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் என்ன வேலை செய்கிறார், எந்த மென்பொருளில் செய்கிறார், எங்கே வைத்துச் செய்கிறார் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

இது என் ஒருவனுடைய தவறு மட்டுமல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நமது பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அலுவலகமும் வீடும் பெரும்பாலும் எழுவான்கரையில். வயலும் குளமும் வாய்க்காலும் படுவான்கரையில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னரான மீள்கட்டுமானக் காலத்திலேயே நான் கடை திறந்தேன். அப்போது நமது நில அளவையாளர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்துநின்று, மோட்டார் சைக்கிளோடும் வரைபடச் சுருள்களோடும் அக்கரை போய் வந்தார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் பயணம் இலகுவாகிவிட்டது. ஆனால் தொழிலின் தன்மை மாறவில்லை. நமது வல்லுனரின் அலுவலகம் அவரது முதுகுப் பையில்தான் இருக்கிறது. அதனால்தான் அவர் சிறிய கணனியைக் கேட்கிறார். வேலை பெரியது என்பதால் பலமான கணனியையும் கேட்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாகத் தருவதற்கென்று ஒரு வகை மடிக்கணனி உண்டு. அதைத்தான் 'மொபைல் வேர்க்ஸ்டேசன்' என்கிறார்கள்.

இது புதிய பொருளல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்னரும் இருந்தது. ஆனால் அன்று பெரிய திரை கொண்டவை மூன்று கிலோவுக்கு மேல் நிறையுடையவை. அவற்றின் சார்ஜரே ஒரு செங்கல் போலிருக்கும். 2013இல் எச்.பி. நிறுவனத்தின் ஸெட்புக் 14, டெல்லின் பிரிசிஷன் எம் 3800 ஆகியன இரண்டு கிலோவுக்கும் குறைந்த நிறையில் வந்தன. 2018இல் லெனோவோவின் திங்க்பேட் பி 1 வந்தது. 2025இல் டெல் நிறுவனம் பிரிசிஷன் என்ற பெயரைக் கைவிட்டு 'டெல் புரோ மெக்ஸ்' என்று பெயரிட்டது. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: ஓட்டோகேட், சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருட்களைத் தயாரிப்போர் அக்கணனியையும் அதன் கிரபிக்ஸ் அட்டையையும் பரிசோதித்து, 'இதில் எமது மென்பொருள் சரியாக ஓடும்' எனச் சான்றளிக்கிறார்கள். மேலதிக விலையில் ஒரு பங்கு இந்தச் சான்றுக்கானது.

அப்படியானால் எல்லோரும் இதைத்தான் வாங்க வேண்டுமா? இல்லை. இங்கேதான் விற்பவருக்குத் தொழிலறிவு வேண்டும்.

ஓட்டோகேட்டில் இருபரிமாண வரைபடம் மட்டும் வரைபவருக்குப் பெரிய கிரபிக்ஸ் அட்டை தேவையில்லை. அம்மென்பொருளின் பெரும்பாலான வேலை, புரொசசரின் ஒரேயொரு மையத்தின் வேகத்தில்தான் தங்கியிருக்கிறது. அவருக்கு வேகமான புரொசசரும் 16 ஜீபி ரெம்மும் போதும். ரெவிட், சிவில் த்ரீடி என்று போகிறவர் 32 ஜீபிக்குக் குறைந்து யோசிக்கக் கூடாது. வீட்டின் தோற்றத்தைப் படமாகவும் காணொளியாகவும் ஆக்கிக் காட்ட லூமியன் போன்றவற்றைப் பாவிப்பவருக்குச் சான்றிதழை விட கிரபிக்ஸ் அட்டையின் பலம் முக்கியம். கேமிங் மடிக்கணனியே அவருக்குக் குறைந்த விலையில் நல்ல பயன் தரும். ட்ரோன் படங்களைத் தொகுத்து நிலத்தின் வரைபடம் எடுப்பவருக்கு ரெம், கிரபிக்ஸ் இரண்டும் தாராளமாக வேண்டும். சொலிட்வேர்க்ஸில் இயந்திர உதிரிப்பாகம் வடிவமைப்பவருக்குத்தான் சான்றளிக்கப்பட்ட அட்டை உண்மையிலேயே கைகொடுக்கிறது.

கியூ.எஸ். என்று நாம் அழைக்கும் கணிய அளவையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர் நாள் முழுவதும் இலக்கங்களையே தட்டுகிறார். 14 அங்குல மடிக்கணனிகளில் தனியான இலக்க விசைப்பலகை இருப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குத் தனி இலக்கப் பலகையொன்றைச் சேர்த்துக் கொடுத்தால், இலட்சம் ரூபாய் கூடிய கணனி தராத வசதி அவருக்குக் கிடைக்கும். நில அளவையாளரின் பழைய 'டோட்டல் ஸ்டேசன்' கருவியோ ஒன்பது ஊசி கொண்ட சீரியல் வயரில்தான் பேசும். இன்றைய மெல்லிய கணனிகளில் அந்தத் துவாரம் கிடையாது. அதற்கான மாற்றி வயரைக் கடையில் வைத்திருக்கும் வியாபாரி எத்தனை பேர்?

அடுத்ததாக, நமது வாவிக்கரைக்கே உரிய தேவைகள். கொழும்பில் குளிரூட்டிய காட்சியறையில் அருமையாக ஓடும் கணனி, இங்கே ஜூலை மாத நண்பகலில் தகரக் கூரையின் கீழ் அப்படி ஓடாது. பல மடிக்கணனிகள் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்கென்றே தயாரிக்கப்படுகின்றன. அந்த எல்லையை நெருங்கினால், சூட்டைத் தாங்க முடியாமல் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எவ்வளவு மெல்லிய கணனியோ, அவ்வளவு விரைவாகக் குறைக்கும். ஆகவே அரைக் கிலோ கூடினாலும், இரண்டு விசிறியும் அகலமான காற்றோட்டமும் உள்ளதே நமக்கு உகந்தது.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இந்த உப்புக் காற்று விசிறியிலும் இணைப்பூசிகளிலும் என்ன செய்கிறது என்பதைப் பழுதுபார்க்கும் மேசையில் நாங்கள் தினமும் காண்கிறோம். பின்மூடியைச் சாதாரண திருகாணிகளைக் கழற்றித் திறக்க முடிந்தால், ஆறு மாதத்துக்கொரு தடவை துப்பரவு செய்யலாம். தொழில்துறைக் கணனிகள் பெரும்பாலும் இவ்வாறு திறக்கக்கூடியவை. பராமரிப்புக் கையேட்டையும் நிறுவனங்கள் பகிரங்கமாக வெளியிடுகின்றன.

வெயிலில் திரை தெரியவேண்டும். சாதாரண திரைகளின் ஒளி 250 முதல் 300 நிட் வரைதான். வயல் வரம்பில் நின்று வரைபடம் பார்ப்பவருக்கு 400 நிட்டாவது வேண்டும். கண்ணாடி போல் மின்னாத திரையாகவும் இருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. விமானப் பயண விதிகளின் காரணமாக மடிக்கணனிப் பெற்றரிகள் 100 வோற் மணிக்குள்தான் செய்யப்படுகின்றன. அந்த உச்சத்துக்கு அண்மித்த பெற்றரி உள்ளதைத் தேடவேண்டும். யூ.எஸ்.பி. சி துவாரத்தால் சார்ஜ் ஏறுமானால் இன்னும் நல்லது. சொந்தச் சார்ஜர் பழுதானாலும் மாற்று ஒன்றை ஊரிலேயே வாங்கலாம்.

இனி விலைக்கு வருவோம். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தபோது, 2000 டொலர் கணனியின் அடக்க விலை நான்கு இலட்சம். அதே ஆண்டு மே மாதம் டொலர் 360 ரூபாயளவுக்குப் போனபோது அது ஏழு இலட்சத்து இருபதாயிரம். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகியது. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கொள்வனவால் உலகச் சந்தையில் ரெம்மின் விலையும் வேகமாக ஏறியது. சாதாரண பட வரைஞர் ஒருவர் புதிய வேர்க்ஸ்டேசன் ஒன்றை நினைத்தும் பார்க்க முடியாத நிலை இது.

ஆனால் வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கொம்பனிகள் மூன்று, நான்கு வருடங்கள் பாவித்துக் கழித்த வேர்க்ஸ்டேசன்கள் டுபாய் வழியாக இலங்கைக்கும் வருகின்றன. அவற்றின் உடல் உறுதியானது; ரெம்மும் சேமிப்பகமும் மாற்றக்கூடியவை பல உண்டு. எனினும் கவனம் தேவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை, மிகச் சில தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இதை மறைத்துப் பழைய கணனியை விற்பது வியாபாரமல்ல. பெற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் வாங்குபவருக்குத் திரையிலேயே காட்டிக் கொடுக்க வேண்டும்.

புதிதாக வாங்குவோரும் ரெம் ஒட்டப்பட்டதா, மாற்றக்கூடியதா என்று முதலில் கேளுங்கள். மெல்லிய கணனியென்றால் ஒட்டித்தான் ஆகவேண்டும் என்ற சாக்கு இனிச் செல்லாது. 2024இல் வெளிவந்த திங்க்பேட் பி 1 ஏழாம் தலைமுறையில், மெல்லிய உடலுக்குள்ளேயே கழற்றி மாற்றக்கூடிய புதிய வகை ரெம் பொருத்தப்பட்டது. உத்தரவாதத்தைப் பற்றியும் எழுத்தில் கேளுங்கள்: பழுது பார்ப்பவர் மட்டக்களப்புக்கு வருவாரா, கணனி கொழும்புக்குப் போக வேண்டுமா? நாட்கூலிக்கும் தவணைக்கும் வேலை செய்பவருக்கு, வேகத்தில் பத்து வீதம் கூடுவதை விட, கணனி 24 நாட்கள் கையில் இல்லாமல் போகாதிருப்பதே பெறுமதி.

வியாபாரிகளான நமக்கு ஒரு யோசனை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, மட்டக்களப்பு நகர் என நாம் ஒவ்வொருவரும் எல்லா வகைக் கணனிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறோம். எதற்கும் உதிரிப்பாகம் வைத்திருப்பதில்லை. நான்கைந்து கடைக்காரர் பேசி, இரண்டு மூன்று வேர்க்ஸ்டேசன் வரிசைகளை மட்டும் பொதுவாகத் தெரிவு செய்தால், அவற்றுக்கான விசிறி, பெற்றரி, சார்ஜர், விசைப்பலகை ஆகியவற்றைப் பகிர்ந்து வைத்திருக்கலாம். பழுது பார்க்கும் காலத்துக்கு இரவலாகக் கொடுக்க ஒரு கணனியையும் வைத்திருக்கலாம். அதற்கான சிறு கட்டணத்தை வாடிக்கையாளர் மனமுவந்து தருவார். கொழும்பு விலையோடு நம்மால் போட்டிபோட முடியாது. ஆனால் பழுதான அன்றே விசிறி மாற்றிக் கொடுப்பதில் கொழும்பால் நம்மோடு போட்டிபோட முடியாது.

அந்த இளைஞரின் மெல்லிய கணனியை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்கு மாற்றாக, பாவித்த வேர்க்ஸ்டேசன் ஒன்றை 32 ஜீபி ரெம்முடன் கொடுத்தேன். மீதிப் பணத்தை அவர் மாதாமாதம் தந்து முடித்தார். எனக்கு நட்டம்தான். இழந்த ஒப்பந்தத்தை அவருக்கு என்னால் மீட்டுக் கொடுக்கவும் முடியவில்லை.

அன்று முதல் எனது கடை மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. யார் மடிக்கணனி கேட்டு வந்தாலும் முதலில் தொழில், மென்பொருள், இடம் ஆகிய மூன்றையும் அதில் எழுதுகிறேன். அதன் பின்னரே அலுமாரியைத் திறக்கிறேன். சிலர் பொறுமையிழந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். பரவாயில்லை, அவர்களில் சிலர் பழுது பார்க்கத் திரும்பி வருகிறார்கள். அப்போதும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறேன்.