சட்டத்தை அளக்கும் கோல்

அறமென்று தனியே ஒன்றில்லை; ஊரார் வகுத்த கட்டுப்பாடும் அதனை மீறினால் வரும் விளைவுமே உள்ளன; அவற்றுக்கு மாந்தர் இட்ட அழகிய பெயரே அறம் என்று கூறுவார் இந்நாளில் பெருகி வருகின்றனர். கேட்பதற்கு இது கூரிய அறிவுரை போலத் தோன்றும். ஆனால், வியாசர்பாடியிலும் அதனை அடுத்த பெரம்பூரிலும் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து வாழ்ந்த மக்களின் வரலாற்றில் உரைத்துப் பார்த்தால் இதன் மாற்றுக் குறைவு விளங்கும்.

1918 ஏப்பிரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் உழைத்தோரே அதன் முதுகெலும்பு. 1920-இல் பூசல் முற்றி ஆலை கதவடைக்கப்பட்டபோது, ஆலையார் சங்கத் தலைவர் வாடியா முதலானோர்மேல் வழக்குத் தொடுத்தனர். வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டுதல் கூடாதென்று உயர்முறைமன்றம் தடையாணை விதித்தது. அன்றிருந்த சட்டம் அதற்கு இடந்தந்தது.

1926-இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்பூசலின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்பதொன்றையே காட்டிப் பதிவுபெற்ற சங்கத்தின்மேல் உரிமை வழக்குத் தொடுத்தல் இயலாதென அது வரையறுத்தது. செயல் ஒன்றே, ஆறாண்டுகளுக்கு முன் தடுக்கப்பட்டது, பின் காக்கப்பட்டது.

கட்டுப்பாடே அறமாயின், 1920-இல் தடையாணையும் அறமே. 1926-இல் பாதுகாப்பும் அறமே. முன்னையது திருத்தப்பட வேண்டியதென்று சொல்ல எவருக்கும் வாயிராது. ஆயினும் தொழிலாளர் சொன்னார்கள். சட்டம் தம் பக்கம் இல்லாத நாளிலேயே தம் பக்கம் அறமுண்டென்றார்கள். அவர்கள் எதனைக் கொண்டு சட்டத்தை அளந்தார்களோ, அதுவே அறம்.

"தொழிலாளர் வலுப்பெற்றனர், ஆகவே சட்டம் மாறிற்று, இதில் அறமெங்கே?" என வினவுவார் உளர். வலிமையே சட்டத்தை அசைத்தது என்பது மெய்தான். ஆனால் எப்பொழுது மாறிற்று என்பதற்கே அது விடையாகும். மாறியது தக்கதா என்பதற்கு விடையாகாது. இதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அடுத்த 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதித்திராவிடத் தொழிலாளருட் பலர் வேலைக்குத் திரும்பினர். பூசல் சாதிப் பூசலாக மாறிற்று. புளியந்தோப்பில் அவர்தம் குடிசைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர் பக்கம் கூட்டத்தின் வலிமை இருந்தது, ஊர்க்கட்டுப்பாடும் இருந்தது. அதனால் அது அறமாயிற்றா? ஆகாது. ஆலையாரின் கொடுமையை எந்தக் கோல் தவறென்று காட்டிற்றோ, அந்தக் கோலே இதனையும் தவறென்று காட்டிற்று.

பிறர் நம்மை ஒடுக்கும்போது மட்டும் அறத்தை அழைத்து, நாம் பிறரை ஒடுக்கும்போது வழக்கத்தை அழைப்போமாயின், அறம் இல்லையென்போரின் கூற்றை நாமே மெய்ப்பித்தவராவோம். தமிழர் உரிமை பேசுவோர் தம் தெருவிலுள்ள சாதிச் சுவரையும் இக்கோலால் முதலில் அளந்து பார்த்தல் வேண்டும்.