வீட்டுக்கு பூஸ்டர், தெருவுக்குத் தொல்லை!

வாசலில் நின்றால் நாலு கோடு. சமையலறைக்குள் நுழைந்தால் 'டவர் இல்லை'. அபார்ட்மென்ட்வாசிகள் பலரின் புலம்பல் இது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஆன்லைனில் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கிவிடுகிறார்கள். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா, ஹாலில் ஓர் ஆன்டெனா. போனில் கோடுகள் நிறைந்துவிடும். அக்கம்பக்கத்தாருக்குத்தான் தலைவலி ஆரம்பம்!

உங்கள் போன் எப்போதும் ஒரே சத்தத்தில் 'பேசுவது' இல்லை. 'பக்கத்தில் இருக்கிறாய், மெதுவாகப் பேசு', 'தூரம் போய்விட்டாய், உரக்கப் பேசு' என்று டவர் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 3ஜி-யில் இந்தக் கட்டளை நொடிக்கு 1,500 முறை. ஒருவர் அழைப்பு இன்னொருவருடையதை அமுக்கிவிடக் கூடாது என்பதற்கே இவ்வளவு கண்டிப்பு. 4ஜி-யில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் இயங்குவதால், கட்டுப்பாடு இன்னும் அவசியம்.

மலிவு பூஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் குரலோடு, அந்த அலைவரிசையில் உள்ள இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவர் மீது கொட்டும். இரண்டு ஆன்டெனாவும் நெருக்கமாக இருந்தால் இன்னும் மோசம். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனால் 'கீ...' என்று அலறுமே, அதே கதைதான். இந்த அலறல் நம் காதில் விழாது, டவருக்கு மட்டும் கேட்கும். தூரத்து போன்களின் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். அந்த அழைப்புகளில் ஒன்று 108-க்குப் போனதாகவும் இருக்கலாம்.

உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் எச்சரித்தது. ஆன்லைனில் கிடைக்கிறதே என்றால், கிடைப்பதெல்லாம் சட்டபூர்வமானது அல்ல. இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை திசைகாட்டும் ஆன்டெனாவால் கண்டுபிடித்துவிடவும் முடியும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வழி சுலபம். போனின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' ஆன் செய்யுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ அடுத்த மாதமும் இந்த வசதியைத் தொடங்கின. அழைப்பு டவருக்குப் பதில் இணையம் வழியாகப் போகும். கரன்ட் போனால் வைஃபையும் போய்விடும், ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் நல்லது. பிராட்பேண்ட் இல்லையா? குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். கட்டடத்துக்குள் முறைப்படி கருவி பொருத்த அவர்களால் முடியும்.

ஏற்கெனவே பூஸ்டர் மாட்டியிருந்தால், முதலில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.