ஒரு பாடம், ஒரு ஆள், இடஒதுக்கீடு சுழியம்

திருநீர்மலை அடிவாரத்தில் நாம் நடத்தும் மாலை வகுப்பில், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பெண் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா பம்மல் பக்கம் தோல் பதனிடும் வேலை பார்த்து ஓய்ந்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி இவர்தான். முதுகலை கணிதம் முடித்து, உதவிப் பேராசிரியருக்கான மாநிலத் தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறார்.

கல்வியாண்டு தொடங்கிய வாரத்தில் அவருக்கு ஒரு தகவல் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் 'தனிநிலைக் கணிதம்' நடத்தப் பகுதிநேர விரிவுரையாளர் தேவையாம். வாரம் நான்கு மணி நேரம், ஒரு செமஸ்டருக்கு மட்டும். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போனார். "ஆள் போட்டாச்சும்மா" என்றார்கள். விளம்பரம் எதுவும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். இனச்சுழற்சி பார்த்தீர்களா என்றும் கேட்டிருக்கிறார். "ஒரே ஒரு பேப்பர். அதுக்கெல்லாம் எதுக்கும்மா ரோஸ்டர்?" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்த நமக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தப் பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடம் இந்தத் தனிநிலைக் கணிதம். பாலையும் தண்ணீரையும் அளப்பது போன்ற கணக்கு இல்லை இது. ஆட்களை எண்ணுவது போன்ற கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். இரண்டே கால் ஆள் என்று எண்ண முடியாது. மெய்யா பொய்யா என்று பார்க்கும் தர்க்கம், எத்தனை வழிகளில் வரிசைப்படுத்தலாம் என்ற எண்ணிக்கை, புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் வலைகள் எல்லாம் இதில் வருகின்றன. கணினியும் சுழியம், ஒன்று என்ற இரண்டை வைத்தே இயங்குகிறது. அதனால் கணினி படிக்கிற எல்லோருக்கும் இதுதான் அடித்தளம். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இடஒதுக்கீடும் ஒரு தனிநிலைக் கணக்குதான். தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. அரசுப் பணிக்கான 200 இடங்களின் இனச்சுழற்சியில் இது 36 இடம், அதில் 6 இடம், பிறகு 2 இடம் என்று வரும். 200 பேரை எடுத்தால் கணக்கு அழகாக வந்துவிடுகிறது. 5 பேரை எடுத்தால் பட்டியல் சாதிக்கு 0.9. ஒரே ஒருவரை எடுத்தால் 0.18. மனிதரை 0.18 ஆக நியமிக்க முடியாது. எனவே அது சுழியம் ஆகிவிடுகிறது.

இப்போது ஒரு பல்கலைக்கழகம் நாற்பது துறைகளில் ஆளுக்கொரு பாடமாக நாற்பது பகுதிநேர விரிவுரையாளர்களை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நாற்பது சுழியங்கள். கூட்டினாலும் சுழியம்தான். நாற்பதையும் ஒன்றாக வைத்து எண்ணினால் 7.2. ஏழு குடும்பங்களுக்குச் சேர வேண்டிய வேலை எங்கே போயிற்று? யாரும் அதைத் திருடியதாகத் தெரியாது. கணக்கைத் துண்டு போட்டதிலேயே அது காணாமல் போய்விட்டது.

இது புதிய தந்திரம் அல்ல. ஒற்றைப் பணியிடத்துக்குச் சுழற்சி முறையில்கூட இடஒதுக்கீடு செய்யக் கூடாது என்று 1998-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம் தொடர்பான வழக்கு அது. பிறகு 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை முழுதாக எடுக்காமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுத்தே இடஒதுக்கீடு கணக்கிட வேண்டும் என்றது. அதை ஏற்று 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவு போட்டது. மத்திய ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம். அந்தக் கணக்கில் ஒரு துறையின் ஏழாவது இடம்தான் அவர்களுக்கு. பழங்குடியினருக்குப் பதினான்காவது இடம். ஆறு பேராசிரியர்களே உள்ள துறையில் ஏழாவது இடம் எந்தக் காலத்தில் வரும்?

நாடு முழுவதும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019-ல் முதலில் அவசரச் சட்டமும் பின்பு நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. கல்வி நிறுவனம் முழுவதுமே ஒரே அலகு என்று அச்சட்டம் சொன்னது. போராடி வாங்கிய திருத்தம் அது. ஆனால் அது மத்தியக் கல்வி நிறுவனங்களின் நேரடி நியமனங்களுக்கானது. முன்வாசலில் பூட்டு போட்டாயிற்று, பின்வாசல் திறந்தே கிடக்கிறது. மணிக்கணக்கு நியமனம்தான் அந்தப் பின்வாசல்.

தென்சென்னைப் புறநகரில் பெரும்பாலான கல்லூரிகள் சுயநிதிக் கல்லூரிகள். அரசியல் சாசனத்தின் 93-வது திருத்தம் தனியார் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. ஆசிரியர் வேலையைப் பற்றி அது பேசவில்லை. அதனால் நம் பிள்ளைகள் பெஞ்சில் உட்காரலாம், கரும்பலகைப் பக்கம் யார் நிற்பது என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். மிச்சமிருப்பது அரசின் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும்தான். அங்கேயும் காலியிடங்களை நிரப்பாமல் மணிக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆள் எடுத்தால் நாம் எங்கே போவது?

அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 20,000 ரூபாயாக இருந்த மாத ஊதியம் 25,000 ஆனது. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லியிருக்கிறது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. தேர்வு குறித்த நாளில் நடக்கவில்லை. காத்திருக்கும் காலத்தில் வீட்டு வாடகையை யார் கட்டுவது? சொத்துள்ளவர் காத்திருப்பார். தோல் பதனிட்டவர் மகள் காத்திருக்க முடியாமல் ஏதாவது ஒரு கடையில் பில் போடப் போவார்.

"திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, மாணவர்கள் சும்மா உட்கார முடியுமா?" என்று துறைத் தலைவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதும் நம் பிள்ளைகள்தானே. வேலைக்கு எடுக்கப்பட்டவர் திறமையற்றவர் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் ஜூனில் பாடம் வரும் என்பது ஏப்ரலில் தெரியாதா? பாடத்திட்டத்தில் ஆண்டுதோறும் இருக்கும் பாடம் திடீரென வானத்திலிருந்தா விழுந்தது? அவசரம் என்று சொல்லும்போதெல்லாம் கை போகும் தொலைபேசி எண்கள் மட்டும் ஏன் எப்போதும் அதே எண்களாக இருக்கின்றன?

அண்ணல் அம்பேத்கரும் பகுதிநேர விரிவுரையாளராக இருந்தவர்தான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர், 1925 முதல் 1928 வரை பம்பாயில் கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் நடத்தினார். 1928-ல் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1935-ல் அதே கல்லூரிக்கு முதல்வர் ஆனார். பகுதிநேர வேலை என்பது சிறிய விஷயம் அல்ல. அது முதல் படி. அனுபவச் சான்றிதழ் அங்கிருந்துதான் கிடைக்கிறது. அந்தப் படியில் கால் வைக்க விடாமல் செய்துவிட்டு, நேர்முகத் தேர்வில் "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பது என்ன நீதி?

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அந்த ஆண்டுக்குத் தேவைப்படும் பகுதிநேர, மணிக்கணக்குப் பணிகள் எல்லாவற்றையும் மே மாதத்திலேயே ஒரே பட்டியலாக்கி விளம்பரம் செய்யட்டும். அந்த முழுப் பட்டியலுக்கும் இனச்சுழற்சியைப் பின்பற்றட்டும். தேர்வானவர்களின் விவரத்தை இனவாரியாக இணையதளத்தில் போடட்டும். மத்திய அரசுப் பணிகளில் 45 நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு என்று பணியாளர் துறை 2022-ல் நினைவூட்டியிருக்கிறது. ஒரு செமஸ்டர் என்பது 90 வேலை நாள். அதே விதியைத் தமிழக அரசு இங்கே கொண்டுவர என்ன தடை?

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். இந்த ஆண்டு எத்தனை மணிக்கணக்கு ஆசிரியர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எந்தெந்தப் பிரிவினர் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்குப் போகலாம்.

அந்தப் பெண் அன்று மாலையும் வகுப்புக்கு வந்துவிட்டார். பலகையில் மெய், பொய் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். "கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டோம். "கணக்கு கஷ்டமில்லண்ணா. எங்களை எண்ணாம விட்டுட்டுப் போடுற கணக்குதான் புரியல" என்றார்.