ஆற்றுக்கட்டு உடைந்தால் யார் பொறுப்பு?

வெள்ளம் இறைவன் செயல் என்று கூறிக் கைகழுவுவது ஆட்சியாளருக்கு எளிது. ஆற்றோரம் எழுப்பிய மண்கட்டு உடைந்து வந்த வெள்ளமும் இறைவன் செயல்தானோ? இதற்கு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநில நீதிமன்று ஒன்று அளித்த விடை, நம் கமக்காரரும் சட்டம் பயின்றோரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

1986 பெப்ரவரி 20ஆம் நாள் அம்மாநிலத்து யூபா ஆற்றின் தென்கரைக் கட்டு உடைந்தது. லிண்டா முதலிய ஊர்களின் வீடுகளும் கடைகளும் நீரில் மூழ்கின. நீர் கட்டின் மேலாக வழிந்ததன்று. கட்டு தாங்கவேண்டிய அளவை எட்டுமுன்னரே அது இடிந்தது. காரணம் மண்ணிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொன் தேடியோர் குழாய் நீரால் மலைகளைக் கரைத்து, அக்கழிவை ஆறுகளில் தள்ளினர். ஆற்றுப்படுகை உயர்ந்தது, வயல்கள் மணலுள் புதைந்தன. விவசாயிகள் பக்கம் நின்று 1884இல் நீதிபதி சோயர் அத்தொழிலுக்குத் தடை விதித்தார். தொழில் நின்றது, கழிவு நின்றுவிட்டது. அந்த இறுகாத கழிவைக்கொண்டே ஊரவர் கட்டை எழுப்பினர். பின்னர் மாநில அரசாங்கம் அதைத் தன் வெள்ளத் தடுப்புத் திட்டத்துள் சேர்த்துக்கொண்டது.

ஏறத்தாழ 3,000 பேர் வழக்கிட்டனர். “கட்டியவர் நாமல்லர்” என்பது அரசின் வாதம். அவ்வாதம் எடுபடவில்லை. பிறர் கட்டியதைத் தனதாக ஏற்று நடத்தும் அரசு, தானே கட்டியதற்கு ஒப்பான பொறுப்பையும் ஏற்கிறது என மேன்முறையீட்டு நீதிமன்று 2003இல் தீர்ப்பளித்தது. பொதுநலத் திட்டத்தின் குறையால் விளைந்த இழப்பைச் சிலர் தலையில் மட்டும் சுமத்தலாகாது. பொதுமக்கள் அனைவரும் வரிப்பணத்தால் பகிரவேண்டும் என்பதே அதன் சாரம். 2005இல் 46 கோடி 40 இலட்சம் டொலர் நட்டஈட்டுடன் வழக்கு முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! காத்திருந்தோருள் எத்தனை பேர் பணத்தைக் கண்ணால் கண்டனரோ?

அப்பால் வேறொரு கேள்வி எழுந்தது. கட்டின் பின்னே வீடு கட்ட அனுமதி வழங்கியோர் நகரசபையாரும் மாவட்ட சபையாரும் அன்றோ? வரியின் பயன் அவர்க்கு, நட்டத்தின் சுமை மாநிலத்துக்கு! எனவே 2007இல் இயற்றிய சட்டங்களால், வெற்றுநிலத்தில் நியாயமின்றிப் புதுக்குடியிருப்புக்கு அனுமதியளிக்கும் உள்ளூராட்சி, நட்டஈட்டில் தன் பங்கைச் செலுத்த நேரும். கட்டு உடைந்தால் மூன்றடிக்கு மேல் நீர் நிற்கக்கூடிய இடங்களை வரைபடத்திற் குறித்து, காணிக்காரருக்கு ஆண்டுதோறும் எழுத்தில் அறிவிக்கவும் ஏற்பாடாயிற்று.

இவ்வறிவித்தல் வீண்சடங்கன்று. “நூறாண்டு வெள்ளம்” என்றதும் நூறாண்டுக்கு ஒருமுறையே வரும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பதாண்டு வீட்டுக் கடன் தீருமுன் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. ஆயினும் கட்டு தகுதியானது எனச் சான்றுபெற்றுவிட்டால், அதன் பின்னுள்ள நிலம் சமஷ்டி அரசின் வரைபடத்தில் ஆபத்து வலயத்திலிருந்து நீங்கும், காப்புறுதியும் கட்டாயமன்று. உடனே வீடுகள் முளைக்கும். பேனா வரைந்த கோட்டை ஆறு மதிக்குமா?

மாநிலம் பொறுப்பேற்றது, சமஷ்டி அரசோ 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னே மறைந்துகொண்டது. வெள்ள நட்டத்துக்கு அது பொறுப்பன்று என்னும் அச்சட்டத்தைக் காட்டியே, 2005இல் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கட்டுடைப்பு வழக்கும் 2008இல் தள்ளுபடியாயிற்று.

இங்கே பெருங்குளங்கள் மத்திய, மாகாண நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கையில். சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். வீட்டுக்கு அனுமதி பிரதேச சபையின் கையில். குளக்கட்டு உடைந்தால் கமக்காரன் எந்தப் படலையைத் தட்டுவான்? நம் சபை உறுப்பினர்கள் அடுத்த மாரிக்கு முன் ஒன்று செய்யலாம்: தம் பிரதேசத்தில் வெள்ளம் பரவும் எல்லையை வரைவித்து, ஒவ்வொரு கட்டுக்கும் பொறுப்பான அலுவலகத்தின் பெயரை அதிலே எழுதி, சபை வாயிலில் தொங்கவிடட்டும்.