உடைந்த பாலத்தருகே

சென்னைவாசிகள் கடற்கரைக்குப் போவது காற்று வாங்குவதற்காக என்பது ஐதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மெரீனாவிலோ, பெசன்ட் நகரில் உள்ள எலியட் கடற்கரையிலோ நின்று கணக்கெடுத்தால், கடலைப் பார்த்தவர்களைவிடக் கடலை தின்றவர்களே அதிகம் என்று ஏற்படும். அதில் பிசகொன்றும் இல்லை. நாமும் தின்றிருக்கிறோம்.

ஆனால் எலியட் கடற்கரையிலிருந்து வடக்கு நோக்கி அரை மணி நேரம் மணலில் நடக்கச் சித்தமாயிருப்பவர்களுக்கு வேறொரு கடற்கரை அகப்படும். 1930 டிசம்பர் 30-ந் தேதி பிறர் உயிரைக் காக்கப் போய்த் தாம் மூழ்கிப்போன ஷ்மிட் என்னும் ஐரோப்பியரின் ஞாபகமாக எழுப்பிய வெள்ளை மண்டபத்தைத் தாண்டி, ஊரூர் ஆல்காட் குப்பத்தின் படகுகளையும் வலைகளையும் கடந்து செல்ல வேண்டும். அப்பால், பாலம் ஒன்று கம்பீரமாகப் புறப்பட்டுப் பாதியில் அந்தரத்தில் நின்றுவிடுவதைக் காணலாம். அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. பாலம் கட்டியது 1967-ல், உடைந்தது 1977-ல். பத்து வருஷ உத்தியோகத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றுக்கொண்ட அதை மறுபடியும் எழுப்பாமல் விட்டார்களே, அதனால்தான் இந்த மூலை பிழைத்தது என்பது நம் அபிப்பிராயம்.

மேற்கே பிரம்மஞான சபையின் தோப்பு. ஆற்றுக்கு அக்கரையில் பட்டினப்பாக்கம். கோடையில் கடல் மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். ஐப்பசி கார்த்திகை வெள்ளம் அந்த மணலை உடைத்துக்கொண்டு போகும். சேற்றில் கொக்குகளும் உள்ளான்களும் நிதானமாக இரை தேடுகின்றன. ஆற்று நீரின் மணத்தை மட்டும் வர்ணிக்காமல் விடுகிறோம். அது நகரத்தார் யாவரும் சேர்ந்து செய்திருக்கும் கைங்கரியம்.

"இவ்வளவு நல்ல இடம் வீணாகக் கிடக்கிறதே!" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. வீணாகவா கிடக்கிறது? குப்பத்தார் படகை ஏற்றுவதும், வலை உலர்த்துவதும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து நாளைய தொழிலை நிர்ணயிப்பதும் இந்த மணலில்தான். தை முதல் பங்குனி வரையில், இரவில் பங்குனி ஆமைகள் கரையேறிக் குழி பறித்து, ஒவ்வொன்றும் நூறு முட்டைகள்போல இட்டுச் செல்கின்றன. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகளுக்கு ஒரே ஒரு வித்தை தெரியும்: வெளிச்சம் இருக்கும் திசையில் ஓடுவது. முன்காலத்தில் அது கடலின் திசை. இப்பொழுது தெரு விளக்கின் திசை.

கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரையில் கடலோரமாக மேம்பாலச் சாலை போடவேண்டுமென்ற யோசனை ஒரு தடவைக்கு மேல் எழுந்தது, மீனவர்கள் எதிர்த்தார்கள். நாம் சாலைகளுக்கு விரோதியல்ல. ஆயினும் கடலருகே கல்லை நட்டால் மணல் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கிய பிறகு, வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே தேங்கியது, மெரீனா அகன்றது. ராயபுரம் பக்கத்திலோ கடல் கரையைத் தின்றது. நமக்கு உலாவ இடம் கிடைத்தது. வடக்கே இருந்தவர்களுக்கு வீடு போயிற்று.

போக விரும்புவோர் காலையில் போகலாம். ஜலத்தில் இறங்க வேண்டாம்; ஷ்மிட்டை இழுத்துச் சென்ற கடல் அதுதான். குப்பத்தில் வலைகளை மிதிக்காமல் சுற்றிப் போவது மரியாதை. ஆமைகளைக் காண ஆசையிருந்தால், 1988 முதல் ஆமைக் காலத்தில் இரவுதோறும் இக்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றிவரும் மாணவர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். டார்ச் விளக்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும்.