அடுப்படியும் ஓர் ஆய்வுக்கூடமே!

"மேல்நாட்டு மோகம்" என்ற இரண்டு சொற்களால் எதனையும் ஒதுக்கிவிடுவது நம்மவர்க்கு எளிது. உடையில் மோகம், மொழியில் மோகம் என்று தொடங்கிய இக்குற்றச்சாட்டு இப்பொழுது சமையலறை வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருச்சி கே.கே. நகர்த் தெருக்களில் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு வீட்டுச் சன்னலிலிருந்து கேக் வேகும் வாசனை வரும். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து கடைகள் அடைபட்டபோது பல வீடுகளில் பொழுதுபோக்காகத் தொடங்கிய பழக்கம் இது. ஊரடங்கு போன பின்னும் பழக்கம் போகவில்லை.

"இட்லியும் இடியாப்பமும் இருக்க இது எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். "கடையில் வாங்கினால் போயிற்று, இதற்கு இவ்வளவு பாடா?" என்று ஆண்கள் கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளும் பொருளற்றவை என்று நான் கூறவில்லை. ஆனால் இரண்டுமே கேக்கை மட்டும் பார்க்கின்றன. அதனைச் செய்கிறவர் அடுப்படியில் என்ன கற்றுக்கொள்கிறார் என்பதைப் பார்க்கவில்லை. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயல் பண்டம் எது?

அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவதானால், முதலில் நம் குழம்பில் உள்ள மிளகாயைத் தள்ள வேண்டும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுகீசியர் கடல் வழி கண்டு வந்த பின்னரே மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு.

நம் ஊரிலேயே இதைவிட நல்ல சான்று ஒன்று உண்டு. காவிரியைக் கடந்தால் திருவரங்கம். அரிசிச் சோறும் அக்காரவடிசிலும் மணக்கும் அரங்கன் கோயிலில், துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன. வடக்கிலிருந்து வந்தவளாகக் கருதப்படும் நாச்சியாருக்கு அவள் ஊர் உணவையே படைப்பது அக்கோயில் மரபு. ஆசாரம் மிகுந்த அக்கோயில் மடைப்பள்ளியே ரொட்டிக்கு இடம் கொடுத்திருக்கும்போது, கே.கே. நகர் வீட்டு அடுப்படி கேக்குக்கு இடம் கொடுப்பதில் என்ன குற்றம்?

வந்த பண்டம் வந்தபடியே நிற்பதுமில்லை. தூத்துக்குடி மக்ரூன் தமிழகம் முழுவதும் பெயர் பெற்றது. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்த பண்டம் அது. தூத்துக்குடிக்கு வந்தபோது பாதாமின் இடத்தில் முந்திரி வந்து அமர்ந்தது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றையும் கொண்டு அவ்வூர்ப் பணியாளர்கள் செய்யும் பண்டத்தை இன்று யாரும் அயல் பண்டம் என்று கருதுவதில்லை. நம் வீடுகளில் செய்யும் "ஏழு கப் கேக்" இன்னும் வேடிக்கையானது. கடலை மாவு, தேங்காய்த் துருவல், பால், நெய் ஆகியவை ஒவ்வொரு கப், சர்க்கரை மூன்று கப், ஆக ஏழு. பெயர் கேக், ஆனால் அது அவனைக் கண்ணால் கண்டதில்லை. வாணலியில் கிளறித் தட்டில் கொட்டி வில்லை போடும் நம் ஊர் இனிப்புதான் அது.

யாருடைய அறை? யாருடைய கப்?

ஆயினும் இந்த மாற்றம் தானாக நிகழ்வதன்று. ஒருவர் முயன்று, தவறி, மீண்டும் முயன்றுதான் அது நிகழ்கிறது.

மேல்நாட்டுக் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெயைச் சர்க்கரையுடன் நுரைக்க அடிக்கவும்" என்று அது தொடங்கும். எந்த அறை? குறிப்பை எழுதியவரின் அறை 20 டிகிரியில் இருக்கும். அந்த வெப்பத்தில் வெண்ணெய் கெட்டியாகவும் இல்லாமல் உருகவும் செய்யாமல், அடிக்க அடிக்கக் காற்றைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்காற்றுக் குமிழிகளே கேக்கை மென்மையாக்குகின்றன. திருச்சியில் சித்திரை, வைகாசிப் பகலில் வெப்பம் 38, 40 டிகிரி என்று ஏறும். வெண்ணெயோ 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். குறிப்பில் கண்டபடியே வெண்ணெயை மேசைமேல் வைத்த நம் இல்லத்தரசிக்குக் கிடைப்பது எண்ணெய்தான். கேக் கல்லாகிறது. "உனக்கு இது வராது" என்று வீட்டார் சிரிக்கிறார்கள். உண்மையில் பிழை அவருடையதன்று; குறிப்பு எழுதப்பட்ட ஊரின் தட்பவெப்பம் குறிப்போடு சேர்ந்து வந்துவிட்டது.

கப் கணக்கும் இப்படிப்பட்டதே. அமெரிக்கரின் கப் ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலியரின் கப் 250 மில்லி. நம் பாட்டிமார் கையாண்ட ஆழாக்கு 168 மில்லி, உழக்கு அதன் இருமடங்கு. காப்பி டம்ளரைக் கப்பாகக் கொள்பவரின் கணக்கு எப்படிச் சரியாகும்? ஒரு சிறு தராசு வாங்கி, 200 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை என்று எடை போடத் தொடங்கியதும் பாதித் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

அவன் இல்லாத வீடுகளில் குக்கரே அவன். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தண்ணீருக்குப் பதில் உப்பையோ மணலையோ அடியில் பரப்பி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைக்கிறார்கள். தண்ணீர் ஏன் கூடாது? ஆவி சூழ்ந்த இட்லிப் பானையில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவேதான் இட்லி வெள்ளையாகவே வேகிறது. கேக்கின் மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரியேனும் வேண்டும். அதற்கு உலர்ந்த வெப்பம் தேவை. பாதி வெந்த நிலையில் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே புகும் குளிர்ந்த காற்றால் கேக் நடுவில் குழிந்துவிடுகிறது. "பதறாத காரியம் சிதறாது" என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல விளக்கம் வேறு உண்டா? நம் கல்லூரிச் செய்முறை வகுப்பில் நாம் கற்கும் பாடங்களை இந்தத் தாய்மார்கள் அடுப்பின் முன் நின்று கற்றுக்கொள்கிறார்கள் என்று கூறின் மிகையாகாது.

எலுமிச்சை அளவும் முட்டை அளவும்

மேல்நாட்டார் எக்காலத்தும் அளந்தே சமைத்தவர்கள் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் பழைய சமையல் குறிப்புகளிலும் "முட்டையளவு வெண்ணெய்" என்பது போன்ற அளவுகளே இருந்தன. 1896 இல் பாஸ்டன் நகரச் சமையற்பள்ளித் தலைவி ஃபேனி ஃபார்மர் தம் நூலை வெளியிட்டார். கப்பிலும் கரண்டியிலும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்திய பின்னரே அப்பழக்கம் வீடுதோறும் பரவிற்று. நம் தமிழகத்தில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951 இல் "சமைத்துப் பார்" நூலை வெளியிட்டார். சாம்பாரும் இரசமும் ஊறுகாயும் அளவோடு அச்சேறின. மணமாகி வெளியூரும் வெளிநாடும் சென்ற பெண்களின் பெட்டியில் அந்நூலும் சென்றது. அந்நூற்பெயரே ஆராய்ச்சிக்கு அழைப்பு விடுப்பதாக இருப்பதைக் காண்க.

ஆனால் நம் வீடுகளில் இன்றும் பெரும்பாலான சமையல் கண்ணளவும் கையளவுமே. "எலுமிச்சை அளவு புளி" என்பர். எந்த எலுமிச்சை? "கைப்பிடிப் பருப்பு" என்பர். யார் கை? கைப்பக்குவம் என்று நாம் போற்றுவது உண்மையில் ஐம்பது ஆண்டுப் பயிற்சியின் பயன். அது எழுதப்படாததால், அக்கை ஓய்ந்த அன்றே அக்குழம்பும் ஓய்ந்துவிடுகிறது. "எங்கள் அப்பத்தா வைத்த குழம்பு போல் வராது" என்று ஏங்காத குடும்பம் நம்மிடையே உண்டா?

இவ்விடத்தில்தான் கேக்கின் உண்மையான பயனை நான் காண்கிறேன். கே.கே. நகரில் நான் அறிந்த ஓர் இல்லத்தரசி, முட்டை உண்ணாத தம் மாமியாருக்காக முட்டையில்லாக் கேக் செய்ய முயன்றார். முட்டைக்குப் பதில் தயிரும் சமையல் சோடாவும் சேர்த்தார். முதல் முறை சோடா மிகுந்து, கேக் பொங்கி அமிழ்ந்தது. சவர்க்காரச் சுவை வேறு. இரண்டாம் முறை சோடா குறைந்து களியாயிற்று. மூன்றாம் முறை நன்றாக வெந்தும், சூட்டோடு வெட்டியதால் உதிர்ந்தது. முட்டை செய்யும் பிணைப்பு வேலையைத் தயிர் முழுதும் செய்யாது, ஆகவே நன்கு ஆறவிட வேண்டும் என்று அறிந்து, நான்காம் முறை வென்றார். நான்கையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நோட்டின் அடுத்த பக்கங்களில் இருப்பவை கேக் அல்ல. மாமியாரின் வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, மாகாளி ஊறுகாய்! மாமியார் கையால் எடுத்த புளியைக் குழம்பில் சேருமுன் தட்டில் வாங்கி எடை போட்டு எழுதியிருக்கிறார். உப்பும் மிளகாய்த்தூளும் அவ்வாறே. கேக்குக்காக வாங்கிய தராசு வத்தக்குழம்பைக் காப்பாற்றியிருக்கிறது. மேல்நாட்டுப் பண்டம் நம் உணவை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் இந்த நோட்டைக் காண வேண்டும்.

உண்போர் கடமை

இம்முயற்சிக்குத் தடைகளும் உண்டு. மைதாவும் சர்க்கரையும் அன்றாட உணவாகக் கூடாது. 200 கிராம் சர்க்கரை சேர்த்த கேக்கைப் பத்தாக வெட்டினால் ஒரு துண்டில் 20 கிராம் சர்க்கரை. நாள் ஒன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வகுத்த வரம்பு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று 2023 இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறிற்று. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதை மறக்கலாகாது. ஆயினும் வீட்டில் செய்பவருக்கே சர்க்கரையைக் குறைக்கவும், மைதாவில் பாதியை நீக்கிக் கேழ்வரகு மாவு சேர்க்கவும் உரிமை உண்டு. கடையில் வாங்குபவருக்கு அவ்வுரிமை இல்லை.

மற்றொரு தடை வீட்டாரின் மனப்பான்மை. பிறந்தநாளில் கேக்கைச் சுற்றி நின்று படம் எடுத்துப் பாராட்டுகிறோம். நாள்தோறும் சோறு வடித்துக் குழம்பு வைப்பவரை ஒருமுறையேனும் பாராட்டியதுண்டா? எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு, ஆறிய சோற்றைக் கடைசியில் தனியே உண்பவர் யார்? ஆராய்ச்சி செய்பவருக்கு நேரமும் ஊக்கமும் உதவியும் வேண்டும். பாத்திரம் துலக்கவும் காய் நறுக்கவும் ஆள் இருந்தால்தான் நோட்டு எழுதக் கை ஓயும்.

ஆண்களுக்கு ஒரு செய்தி. கேக் செய்வோர் கையாளும் பேக்கிங் பவுடரில் பெரும்பங்கு ஓர் ஆணின் வீட்டுச் சோதனைக்கு உரியது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகர மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. "உனக்கு ஆகாது, நீ உண்ணாதே" என்று அவர் சொல்லவில்லை. 1837 இல் முட்டையில்லாக் கஸ்டர்ட் பவுடரையும், 1843 இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்ப வைக்கும் பவுடரையும் ஆக்கித் தந்தார். ஒரே மேசையில் தம் மனைவியும் அமர்ந்து உண்ண வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வித்து. மாமியாருக்காக நான்கு முறை கேக் செய்த நம் கே.கே. நகர் மருமகளின் எண்ணமும் அதுவே அன்றோ?

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் அன்னையோ ஆச்சியோ அடுப்படியில் நிற்கும்போது அருகில் நில்லுங்கள். அவர்கள் கையில் எடுப்பதை எடை போட்டு எழுதுங்கள். மாணவியர் மட்டுமல்லர், மாணவரும் இதனைச் செய்ய வேண்டும். கேக் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யுங்கள்; தவறினால் சிரிப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, அடுத்த முறைக்கு மாவு சலிக்க அழையுங்கள். நோட்டு நிறையும்போது கேக்கும் வரும். அப்பத்தாவின் குழம்பும் நம் பிள்ளைகளுக்கு எஞ்சும். அடுப்படியில் பிறக்கும் அறிவையும் அறிவென்று மதிக்கும் நாள் நம் வீடுகளிலிருந்தே தொடங்கட்டும்!