தடைக்காலத்தில் ஜிபிஎஸ்ஸையும் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ராமேசுவரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகளுக்குப் பராமரிப்பு நடக்கிறது. பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். ஜிபிஎஸ் கருவியை மட்டும், திரை எரிகிறதா என்று பார்த்ததோடு விட்டுவிடுவது சரியல்ல. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்குத் தண்ணீரில் தடயம் கிடையாது. படகோட்டிக்கு அது தெரிவது அந்தத் திரையில்தான். திரைக்குப் பின்னால் உழைப்பவை கவுண்டர் சுற்றுகள். அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

0 அல்லது 1 என்பதை மட்டும் நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃப்ளாப்புகளைக் கோத்ததே கவுண்டர். நான்கைக் கோத்தால் 0 முதல் 15 வரை எண்ணும். அடுத்த துடிப்பில் மறுபடி 0. ஒன்று மாறிய பிறகே அடுத்தது மாறுவது ரிப்பிள் கவுண்டர். செலவு குறைவு, ஆனால் படிக்குப் படி தாமதம் சேரும். எல்லாம் ஒரே துடிப்பில் சேர்ந்து மாறுவது சின்க்ரனஸ் கவுண்டர். கடைசி வெளியீட்டை முதலாவதற்கே திருப்பிவிடும் ரிங், அதையே தலைகீழாக்கித் திருப்பும் ஜான்சன் என்று வேறு வகைகளும் உண்டு. சுவர்க் கடிகாரத்துக்கு ரிப்பிள் போதும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடுவதால், சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும் ஜிபிஎஸ்ஸுக்கு அது போதாது. செயற்கைக்கோள் அனுப்பும் குறியீட்டில் மில்லி நொடிக்கு 1,023 துண்டுகள். எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் அந்தச் செயற்கைக்கோளின் தூரம் சுமார் 300 மீட்டர் பிசகும். வாரங்களை எண்ணுவதற்கு ஜிபிஎஸ் ஒதுக்கியதோ 10 பிட்டுகள்தான். 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய அந்த எண்ணிக்கை 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டில் திரும்பியது. 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில், தடைக்காலத்துக்குச் சில நாள் முன்பு, மறுபடி திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். மென்பொருள் புதுப்பிக்காத கருவி அப்போது தேதியை ஏறத்தாழ 20 ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிடும். தயாரிப்பாளர் உள்ளே வைத்த தொடக்க நாளைப் பொறுத்து, இடையில் வேறொரு நாளிலும் இது நேரலாம். அதனால்தான் 2038 வரை காத்திருக்க முடியாது.

தேதி தவறினாலும் இடத்தைச் சரியாகத்தானே காட்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால், எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டு அதன் தடம் வழக்கில் பேசப்படும் நாளில், தவறான தேதியிட்ட பதிவை யார் ஏற்பார்கள்? புதிய சிக்னல்களில் வாரத்துக்கு 13 பிட்டுகள் உண்டு, சுமார் 157 ஆண்டு தாங்கும் என்பதும் உண்மை. அந்தச் சிக்னலைப் படிக்கத் தெரிந்த கருவிக்குத்தான் அது பயன்படும். எல்லை தாண்டல் எல்லாமே கருவிக் கோளாறு அல்ல, மீன் இருக்கும் இடம் தேடித் தெரிந்தே போவதும் உண்டு என்பார்கள். மறுக்கவில்லை. தெரியாமல் போகிறவரையாவது காப்பாற்றலாமே. செலவும் பெரிதல்ல: தேதி, மென்பொருள் பதிப்பு, ஜெட்டியில் நிற்கும்போது காட்டும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். எல்இடி விளக்கு எரியவைத்துக் கவுண்டர் பாடம் படிக்கும் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களால் முடிகிற வேலை இது. மீன்வளத் துறை தடைக்காலத்தில் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்யத்தான் செய்கிறது. இந்த மூன்றையும் அந்த ஆய்வில் அடுத்த ஏப்ரலுக்குள் சேர்த்துவிடலாம்.